உலருணவுப் பொதியும் மகளின் தோடும்

சில நாளைக்கு முன் கடையில் பகல் சாப்பாட்டு நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, சேர்ச்சில பாதி விலைக்குச் சாமான் குடுக்கிறாங்களாம். 500 ரூபா கட்டினா நம்ம பேரையும் போட்டுக்கலாமாம். ஒரு ஆன்ட்டி எல்லாம் செஞ்சு குடுப்பாங்களாம்." எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. 2022இல் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைத்தான் நானும் கேட்டேன். அன்று என்னிடம் யாராவது ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் 38,500 ரூபாயும் என் மகளின் தோடும் தப்பியிருக்கும். அந்தப் பிள்ளையிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி. செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு ஓட்டோ, அதுவும் லீசிங்கில் எடுத்தது. இரண்டு பிள்ளைகள், கூடவே மாமி. வசதியானவர்கள் இல்லை, ஆனால் யாரிடமும் கை நீட்டியதும் இல்லை. ஆடிவேல் திருவிழா வந்தால் அன்னதானத்துக்கு வீட்டில் இருந்து ஒரு மூட்டை அரிசி போகும். பரிமாறுகிற வரிசையில் நானும் வாளியோடு நிற்பேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த நினைப்புதான் பிறகு என்னைக் குழியில் தள்ளியது என்பதால் சொல்கிறேன்.

அந்த வருடம் எப்படிப் போனது என்று இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டொலர் தட்டுப்பாட்டில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்க ஜூலை கடைசியில் கியூஆர் முறை தொடங்கியபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீட்டர் பெட்ரோல். அதை வைத்து வீட்டுக்கு என்ன உழைப்பது, லீசிங்குக்கு என்ன கட்டுவது? தங்கம் வாங்க வருகிறவர்கள் குறைந்து விற்க வருகிறவர்கள் கூடினார்கள். முதலாளி கடையைப் பாதி நாள் திறந்தார், என் சம்பளம் 48,000இல் இருந்து 32,000 ஆனது. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு அது செய்தியே இல்லை. வீட்டுக் கணக்கையும் கொப்பியில் எழுதுகிறவள் நான். போன வருடம் ஒரு பக்கத்தில் முடிந்த மாதச் சாமான் இந்த வருடம் அதே பக்கத்தில் அதே வரிகளோடு இரட்டிப்புத் தொகையாக நின்றது. பால்மா வாங்கும் நாளில் பெரியவனுக்கு மட்டும் பால், சின்னவளுக்கு மறுநாள் என்று முறை வைத்தேன். மாமி தனக்குப் பால் தேத்தண்ணி பிடிக்காது என்று திடீரென்று சொல்லத் தொடங்கினார்.

சேர்ச்சுகளில் குறைந்த விலைக்குச் சாமான் கொடுக்கிறார்கள் என்பது காதில் விழாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு கோயில் இருக்கும், ஒன்று நம்முடையது, ஒன்று அவர்களுடையது. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகாத சைவப் பெண்கள் கொட்டாஞ்சேனையில் எத்தனை பேர்? நானும் போவேன். பெரியவன் பிறந்தபோது நேர்த்தி வைத்ததே அங்கேதான். மெழுகுதிரியோடு போகக் கூசாத கால், வெறும் பையோடு போவது என்றதும் கூசியது. வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? கடைக்கு வரும் வாடிக்கையாளர் பார்த்துவிட்டால்? அந்தக் கூச்சத்தோடு நான் இருந்த நேரத்தில்தான் பின் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த பெண் வந்தார். என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர், கழுத்தில் சிலுவை, பேச்சில் அப்படி ஒரு கனிவு.

அவர் சொன்ன கணக்கு இது. தங்கள் கோயிலில் குடும்பங்களுக்கு மாதாமாதம் ஒரு உலருணவுப் பொதி. வெளியில் வாங்கினால் 10,000 ரூபாய், அங்கே 5,000. பதிவுக்கு ஒருமுறை 500. கோயில் ஆட்களுக்கு மட்டும்தான், ஆனால் தன் பெயருக்குக் கீழே சிலரைச் சேர்த்துக்கொள்ளலாம். "நீங்க அங்க வந்து நிக்கவே வேணாம் மகள், நான் வீட்டுக்கே கொண்டுவந்து தாறேன்." இந்தக் கடைசி வசனத்துக்குத்தான் நான் விழுந்தேன். பாதி விலைக்கு விழவில்லை. பொதி எங்கே கொடுக்கிறார்கள், யார் கொடுக்கிறார்கள், எந்த நாளில் என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நான் போக வேண்டி வந்துவிடும் அல்லவா?

அதோடு நின்றிருந்தால் 5,500தான் நட்டம். நல்லது கிடைக்கிறது என்றால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதே. கடையில் இரண்டு பேர், எங்கள் மாடியில் மூன்று வீடு, கணவரின் அக்கா ஒருவர் என்று ஆறு குடும்பத்தையும் நானே சேர்த்தேன். காசை நானே வாங்கி, கொப்பியில் வரிசையாக எழுதி, ஒக்டோபர் நடுவில் மொத்தமாக 38,500 ரூபாயை அவர் கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுக்கிறவள், சிலுவை போட்டிருந்த கழுத்தைப் பார்த்து, "கோயில் காரியத்துக்கு என்ன துண்டு" என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரம் "வார சனிக்கிழமை". இரண்டாம் வாரம் "சாமான் கொண்டெய்னர் துறைமுகத்தில நிக்குது, கிளியர் பண்ண டொலர் இல்லையாம்". நம்பாமல் என்ன செய்வது? உண்மையிலேயே டொலர் இல்லாமல் உணவுச் சாமான் கொண்டெய்னர்கள் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்த வருடம் அது. செய்தியில் நாளும் பார்த்த ஒன்றைத்தான் அவர் சொன்னார். பொய் சொல்கிறவர்கள் புதிதாக ஒன்றைக் கட்டுவதில்லை, நாட்டில் நடப்பதற்குள் தங்கள் பொய்யைச் செருகிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மூன்றாம் வாரம் வட்ஸ்அப்பில் குரல் பதிவு மட்டும் வந்தது. நான்காம் வாரம் போன் அடிக்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் கதவில் பூட்டு. வீட்டுக்காரர் தன் இரண்டு மாத வாடகை பற்றி என்னிடம் விசாரித்தார்.

அன்று இரவு நான் அழவில்லை. கொப்பியைத் திறந்து ஆறு பெயரையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். என்னுடையது போனால் போகட்டும், அந்த ஆறு பேரும் அவரை நம்பிக் காசு தரவில்லை, என்னை நம்பித் தந்தார்கள். 33,000 ரூபாய். கணவரிடம் மூன்று நாள் சொல்லவில்லை. மகளின் தோட்டைக் கழற்றி, அவளுக்குக் காதில் வேப்பங்குச்சி வைத்துவிட்டு, "பூட்டு தளர்ந்திட்டுது, செய்யக் குடுத்திருக்கு" என்று சொன்னேன். செட்டியார் தெருவில் அடகு வைத்தால் மறுநாளே கடைக்குத் தெரியும் என்பதால் பஸ் எடுத்து வேறு பக்கம் போய் வைத்தேன். நாளாந்தம் பவுன் விலை எழுதுகிற கையால் அடகுச் சீட்டில் ஒப்பம் வைத்தபோது இருந்த நிலையை எழுத எனக்கு இன்றைக்கும் வரவில்லை. பதினோரு மாதம் கழித்துத்தான் மீட்டேன். வட்டி மட்டும் 7,000க்கு மேல். எல்லாம் சேர்த்தால் 46,000 ரூபாய் வருகிறது. ஆறு பேரில் ஒருவர் காசைத் திருப்பி வாங்கிய பிறகும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. நானும் கூட்டு என்று நினைக்கிறாரோ என்னவோ.

பொலிசுக்குப் போனேன், இரண்டு அரை நாள் லீவு போட்டு. முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். கேட்டது மூன்று விஷயம்: அவரின் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் தெரியுமா, காசு கொடுத்ததற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, செய்திகள் இருக்கிறதா. முதலாவது தெரியாது. இரண்டாவது, என் கொப்பியில் நானே எழுதியது மட்டும். மூன்றாவது குரல் பதிவுகள். போனில் இடம் இல்லை என்று ஒரு வாரத்துக்கு முதல் நானே அழித்துவிட்டேன். ஆகவே யாருக்கு எந்தக் காரியத்துக்குக் காசு கொடுத்தாலும், திகதி போட்டு ஒரு ஒப்பம் வாங்குங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவருக்குக் கொடுக்காதீர்கள். குரல் பதிவை அழிக்காதீர்கள், பிள்ளையின் போனுக்காவது அனுப்பி வையுங்கள். வங்கிக் கணக்குக்குப் போட்டால் குறைந்தது ஒரு பெயராவது மிஞ்சும்.

அதற்குப் பிறகு ஒரு நாள், கோபத்தில்தான், அவர் பெயர் சொன்ன அந்தக் கோயிலுக்கே போனேன். எங்கள் வீட்டில் இருந்து எட்டு நிமிட நடை. வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் அவர்களுடைய கோயில்களில் இது வழமையாகிவிட்டது, இருந்தும் அன்றைக்கு அதுவும் எனக்கு அவமானமாகப் பட்டது. ஒபிஸில் இருந்த சிஸ்டர் முழுதையும் கேட்டார். அப்படி ஒருவரை அவருக்குத் தெரியாது, அப்படி ஒரு பொதியும் இல்லை. நான் எழும்பப் போனபோது அவர் கேட்டார்: "ஆனா சாமான் குடுக்கிறது உண்மைதான். உங்களுக்கு வேணுமா?" நான் தலையை ஆட்டியதும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் அந்தக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு திருப்பம் திரும்பியிருந்தால் போதும்.

உண்மையான ஒன்று எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பொய்யை உடனே பிடித்திருப்பேன். அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு அங்கிள். என் தொழில் கணக்கு என்று தெரிந்ததும் தன் கணக்கைக் காட்டினார். அரிசி, பருப்பு, சீனி எல்லாம் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டையாக எடுக்கிறார்கள். வெள்ளி இரவு இளைஞர்கள் சிலர் உட்கார்ந்து நிறுத்துப் பையில் போடுகிறார்கள், கூலி இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்கு வருகிற ஒவ்வொரு வீடும் ஒரு பக்கற் சாமான் கொண்டுவந்து கூடையில் வைக்கும். அவுஸ்திரேலியா, இத்தாலி என்று போயிருக்கிற பழைய ஆட்கள் காசு அனுப்புகிறார்கள். விலை குறைவது இவற்றால்தான். மூட்டையாக எடுப்பதால் மட்டும் பெரிதாக ஒன்றும் குறையாது. அரிசி, பருப்பு, சீனியில் மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் அவ்வளவு தூரம் இல்லை. மிச்சத்தை யாராவது கொடையாகப் போட்டால்தான் உண்டு. 10,000 ரூபாய்ச் சாமானை 5,000க்கு, அதுவும் ஆள் சேர்க்கச் சேர்க்கத் தட்டாமல் தருவதாக ஒருவர் சொன்னால், மற்ற 5,000ஐ யார் போடுகிறார் என்று கேட்க வேண்டும். கணக்கு எழுதுகிற நான் கேட்கவில்லை.

ஏன் சும்மா கொடுக்காமல் விற்கிறீர்கள் என்றும் கேட்டேன். "சும்மா குடுத்தா மூணு மாசத்தில கை காலி மகள். வித்தா அந்தக் காசில அடுத்த மூட்டை எடுக்கலாம். அதோட, காசு குடுத்து வாங்கிற ஆள் என்ட முகத்தப் பார்த்துக் கதைக்கும்." அவர் சொன்னது என்னைப் பற்றித்தான் என்று பட்டது. தானமாகக் கொடுத்திருந்தால் இரண்டாம் முறை நான் போயிருக்க மாட்டேன்.

பதிவு ஒரு நாளில் முடியவில்லை. கிராம சேவகரின் வதிவுக் கடிதம், கணவருடையதும் என்னுடையதும் அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விலாசத்துக்கு மின்சாரப் பில். எங்கள் மின்சாரப் பில் வீட்டுக்காரர் பெயரில். வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாருக்கும் இதே சிக்கல்தான். வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் என்னைப் போலத் திரும்பி வருவீர்கள். கிராம சேவகர் எல்லா நாளும் ஒபிஸில் இருப்பதில்லை, நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். எனக்கு ஒரு அரை நாள் அதில் போனது. எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டால் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் உதவும். இவை எதற்கும் கோயிலில் ஒரு சதம் கேட்கவில்லை. போட்டோப் பிரதிக்கு வெளியில் கொடுத்ததுதான் செலவு.

அதன் பிறகு வீடு பார்க்க வந்தார்கள், அந்த அங்கிளும் ஒரு பெண்ணும். வருவதாகத் தெரிந்ததும் நான் செய்த வேலையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். டிவியைப் பெட்ஷீட்டால் மூடினேன். மிக்ஸியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். பிரிட்ஜை எங்கே தள்ளுவது? அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு மாமியை உட்கார வைத்தேன். அங்கிள் மாமியிடம் சுகம் விசாரித்துவிட்டுச் சிரித்தார். "பிரிட்ஜ் இருந்தா என்ன மகள், அதுக்குள்ள என்ன இருக்கு என்றதுதானே விஷயம்." திறந்து பார்க்கவில்லை. திறந்திருந்தால் தண்ணீர்ப் போத்தலும் அரைத்த சம்பலும் மாமியின் இன்சுலினும் இருந்திருக்கும். நீங்கள் எதையும் ஒளிக்காதீர்கள். கேட்பது வருமானம், வீட்டில் எத்தனை வாய், கடன், நோய். ஓட்டோ இருக்கிறதா என்றால் இருக்கிறது, லீசிங் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று சொல்லுங்கள். எங்கள் லீசிங் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நிலைமை புரிந்தது.

மாமிக்கு இருந்த பயம் வேறு. "சாமானக் காட்டி வேதத்துக்கு எடுத்திருவாங்க", அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் இருந்தது. இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு முஸ்லிம் பெண், பின்னால் ஒரு சிங்களப் பாட்டி. யாரிடமும் மதம் கேட்கவில்லை. ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. வத்தளைப் பக்கம் ஒரு சபையில் இன்னும் மலிவு என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனேன். முதலில் ஒன்றரை மணி நேரம் ஜெபக் கூட்டம், அது முடிந்த பிறகுதான் சாமான் வாங்கும் துண்டு. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, யாரும் என்னை வற்புறுத்தவும் இல்லை. ஆனாலும் முதலே சொல்லியிருக்க வேண்டும். விலை காசில் என்றால் காசில் மட்டும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம். அங்கே மிச்சம் பிடித்தது 900 ரூபாய் போல. பஸ் கூட்டத்தில் 12 கிலோவைத் தூக்க முடியாமல் ஓட்டோ பிடித்ததில் அந்த மிச்சம் போய், கையில் இருந்தும் போனது. சொந்தமாக ஓட்டோ வைத்திருக்கிற குடும்பம், பெட்ரோல் இல்லாமல் இன்னொருவர் ஓட்டோவுக்குக் காசு கொடுத்தது அன்றைக்குத்தான். நடந்து போகிற தூரத்தில் இருப்பதைவிட மலிவானது எதுவும் இல்லை.

டிசெம்பர் முதல் வாரத்தில் எங்கள் பக்கத்துக் கோயிலில் பொதி வாங்கும் அட்டை கிடைத்தது. கெட்டியான மஞ்சள் அட்டை, மாதத்துக்கு இரண்டு கட்டம், வாங்கும்போது ஒரு சீல். முதல் பொதியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், எங்கள் ஒழுங்கைக் கடை விலையில் ஒவ்வொன்றாகக் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். அரிசி 5 கிலோ, பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா ஒரு பக்கற், டின் மீன் ஒன்று, சோயா இரண்டு பக்கற், தேயிலை, சவர்க்காரம், தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல். கடையில் 5,140. நான் கொடுத்தது 3,300, துண்டோடு. 1,840 ரூபாய் மிச்சம். அன்று இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகப் பால் குடித்தார்கள். மாமி மட்டும் பிடிக்காது என்பதிலேயே நின்றார், ரோசக்காரி.

ஆனால் பொதியில் உள்ள எல்லாமே லாபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாதம் சவர்க்காரம் எங்கள் கடையில் இருந்த விலையேதான் இருந்தது. இன்னொரு மாதம் பிஸ்கட் பக்கற்றில் முடிவுத் திகதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை, கேட்டால் சொன்னார்கள், ஆனால் கேட்க வேண்டும். பால்மாவை எப்போதும் கொம்பனி அடைத்த பக்கற்றாக மட்டும் எடுங்கள். எங்கேயாவது நிறுத்துக் கட்டிய பால்மா தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் குடிப்பது. சீனி நோய் இருக்கிற வீட்டுக்கு இரண்டு கிலோ சீனி எதற்கு? இதற்கு ஒரு வழி யாரும் சொல்லித் தராமலே அங்கே உருவாகியிருந்தது. வாசலுக்கு வெளியே மதில் ஓரத்தில் ஒரு சின்னச் சந்தை. காசு கிடையாது, மாற்றுத்தான். நான் சீனியைக் கொடுத்துப் பருப்பு வாங்குவேன். சிங்களப் பாட்டி தன் மாவைக் கொடுத்து அரிசி கேட்பார், அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் கடை அளவுக்குத்தான், ஆனாலும் மாவும் அரிசியும் கைமாறின. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு மாதம் தள்ளிப்போட்ட வரிசையில்தான் நான் அந்த வருடத்தில் அதிகம் சிரித்தேன். பொதியைக் கடைக்கு விற்கிறவர்களும் இருந்தார்கள். அப்படிப் பிடிபட்ட ஒருவரின் அட்டையை வாங்கிவிட்டார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பிள்ளைக்கு மருந்து வாங்கவாம். ஆனால் அட்டை போனதும் உண்மை.

நான் விட்ட இன்னொரு பிழை, பெப்ரவரியில் கடையில் இருப்பெடுப்பு என்று மகனிடம் அட்டையைக் கொடுத்து அனுப்பியது. அட்டையில் பெயர் இருக்கிறவர்தான் அடையாள அட்டையோடு வர வேண்டும். திருப்பி அனுப்பிவிட்டார்கள், அந்தக் கட்டம் காலியாகவே போனது. பதியும்போதே இரண்டு பேரின் பெயரைப் போடலாம் என்று பிறகுதான் தெரிந்தது. பை நீங்களே கொண்டுபோங்கள், மடித்து, இரண்டாக. எண்ணெய்க்கு மூடி இறுக்கமான போத்தல். பெரிய பையைத் திணித்துக்கொண்டு போனால் வாசலில் சோதனைக்கு நேரம் எடுக்கும். எட்டு மணிக்குத் தொடங்கும் என்றால் ஏழரைக்குப் போனால் போதும், விடியற்காலையில் போய் நிற்க வேண்டியதில்லை. அட்டைக்கு ஒரு பொதி எடுத்துவைத்திருப்பார்கள், முந்திப் போனால் கூடக் கிடைக்காது. ஆனால் பெற்றோல் வரிசையும் கேஸ் வரிசையும் பழக்கிவிட்ட கால்கள் ஆறு மணிக்கே போய் நின்றன.

கடை பழையபடி முழு நாள் திறந்து, சம்பளமும் பழைய நிலைக்கு வந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று கட்டம் மிச்சம் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு சனிக்கிழமை பையில் வைத்துக்கொண்டு போய், கொடுக்காமல் சாமானை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் முறைதான் கொடுத்தேன். அங்கிள் பெயர்ப் பட்டியலை எடுத்து என் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, கீழே காத்திருந்த ஒரு பெயரை அந்த இலக்கத்துக்கு நேரே எழுதினார்.

கடைப் பிள்ளையிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அவள் கோயிலின் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. சோற்றுப் பார்சலை மடித்துக்கொண்டே நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்: "500 ரூபாவ நேத்தே குடுத்திட்டேன் அக்கா. என் தங்கச்சிட பேருக்கும் சேர்த்து ஆயிரம்." அந்த ஆன்ட்டியின் பேச்சில் கொண்டெய்னர் ஏதும் வந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். வேறு யாரையும் சேர்க்காதே, மிச்சக் காசைக் கொடுக்காதே, குரல் பதிவு ஒன்றையும் அழிக்காதே என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கிவிட்டாளாம். கிராம சேவகரைப் பார்க்க வியாழக்கிழமைதான் போக வேண்டும்.